களையும் கோதுமையும், ஒரு பூனையின் சர்க்கரையும்

(பொதுக்காலம் 16ஆம் ஞாயிறு, முதல் ஆண்டு. வாசகங்கள்: சாலமோனின் ஞானம் 12:13, 16-19, உரோமையர் 8:26-27, மத்தேயு 13:24-43)



இன்றைய நற்செய்தியில் வரும் வேலையாள்கள்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. வயலில் களை முளைத்திருப்பதைப் பார்த்தவுடன் தலைவரிடம் ஓடி வருகிறார்கள். போய்ப் பிடுங்கிவிடட்டுமா என்று கேட்கிறார்கள். வேலைக்குச் சோம்பல் படுகிறவன் இப்படிக் கேட்க மாட்டான். வயல்மீது உண்மையான அக்கறை இருக்கிறவன்தான் கேட்பான். ஆனாலும் தலைவர் வேண்டாம் என்கிறார். களையைப் பிடுங்கப் போய்க் கோதுமையும் கையோடு வந்துவிடுமே என்பது அவருடைய கவலை. கெட்ட எண்ணம் உள்ளவர்களை அவர் இங்கே தடுக்கவில்லை. நல்ல எண்ணம் உள்ளவர்களின் அவசரத்தைத்தான் தடுக்கிறார்.

இந்த உவமையை இன்று ஒரு பூனையை வைத்துப் பேசப்போகிறேன். நம் பங்கில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் பேசுகிறேன். அவர் வீட்டில் முத்து என்று ஒரு பூனை. அதற்குச் சர்க்கரை நோய். காலையும் மாலையும் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் இன்சுலின் ஊசி போட வேண்டும். ஒரு நாள் திருப்பலி முடிந்ததும் நோட்டுப்புத்தகத்தோடு வந்து நின்றார். “சாமி, நேத்து காலையில 130. இன்னைக்குக் காலையில 400-க்கு மேல. அதே மருந்து, அதே அளவு, அதே நேரம், அதே சாப்பாடு. நான் என்ன தப்புப் பண்ணினேன்? இன்னைக்கு ராத்திரி ஒரு யூனிட் கூட்டிப் போட்டுடட்டுமா?” என்று கேட்டார்.

கேள்வியைக் கவனித்தீர்களா? நற்செய்தியில் வேலையாள்கள் கேட்ட அதே கேள்வி. கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள் என்றேன். அவர் சொன்ன பதிலும் தலைவர் சொன்ன பதில்தான்: வேண்டாம், பொறுங்கள், எழுதிக்கொண்டே வாருங்கள்.

பூனைக்குச் சர்க்கரை வருமா என்று சிலர் நினைக்கலாம். வரும். நம்மில் பலருக்கு நடுவயதில் வருகிற இரண்டாம் வகை நோயைத்தான் பெரும்பாலும் அது ஒத்திருக்கிறது. வயதான, உடல் பருத்த, வீட்டுக்குள்ளேயே படுத்துக் கிடக்கிற பூனைகளுக்கு வாய்ப்பு அதிகம். கருத்தடை செய்த ஆண் பூனைகளுக்கு இன்னும் அதிகம். வேறு நோய்க்குக் கொடுக்கிற ஸ்டீராய்டு மருந்தாலும் வரலாம். தண்ணீர்க் கிண்ணம் அடிக்கடி காலியாகும். மணல் தட்டு நனைந்தே கிடக்கும். நன்றாகத் தின்னும், ஆனால் முதுகெலும்பு தெரிய இளைத்துக்கொண்டே போகும். சிலவற்றுக்குப் பின்னங்கால் நரம்பு பாதித்து, குதிகால் தரையில் பட நடக்கும். முத்து அப்படித்தான் நடந்தது. வயதாகிவிட்டது போலிருக்கிறது என்றுதான் ஆசிரியை முதலில் நினைத்திருக்கிறார்.

இந்த இடத்தில் உங்களில் சிலர் மனத்தில் எழுகிற கேள்வியை நான் ஒதுக்கிவிட்டுப் போகக் கூடாது. மருந்து வாங்க வழியில்லாத மனிதர்கள் நம் தெருவிலேயே இருக்கும்போது ஒரு பூனைக்கு இவ்வளவா? நியாயமான கேள்வி. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி இதை இரண்டு பக்கமும் பேசுகிறது. விலங்குகள் கடவுளின் படைப்புகள், அவற்றுக்கு நாம் பரிவு காட்டக் கடமைப்பட்டவர்கள் என்கிறது. அதே பகுதியிலேயே, மனிதத் துயரைப் போக்க முதலில் செல்ல வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவது தகாது என்றும் சொல்கிறது. ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றை மட்டும் எடுத்துக்கொள்ள நமக்கு உரிமையில்லை.

ஆனால் நாத்தான் இறைவாக்கினர் தாவீது அரசரிடம் சொன்ன கதையை நினைத்துப் பாருங்கள். ஓர் ஏழைக்கு இருந்தது ஒரே ஓர் ஆட்டுக்குட்டி. அவன் தட்டில் உண்டு, அவன் கிண்ணத்தில் குடித்து, அவன் மடியில் தூங்கி, மகளைப் போல வளர்ந்தது. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஆட்டுக்கு ஏன் கிண்ணத்தைக் கொடுத்தாய் என்று நாத்தான் அந்த ஏழையைக் கேட்கவில்லை. அந்த அன்பு நியாயமானது என்பதை வைத்துத்தான் கதையே நடக்கிறது. அந்தக் குட்டியை ஒரு பணக்காரன் பறித்துக்கொண்டான் என்றபோது தாவீதின் மனச்சாட்சியும் அதனால்தான் துடிக்கிறது. நம் ஆண்டவரும் ஓய்வுநாளில் மாட்டை அவிழ்த்துக்கொண்டுபோய்த் தண்ணீர் காட்டுவதைப் பற்றிப் பேசும்போது, யாரும் செய்கிற, செய்ய வேண்டிய காரியமாகவே அதைச் சொல்கிறார். ஆசிரியை தம் ஓய்வூதியத்தில் இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணமும் கட்டுகிறார் என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றி அவர் பேச விரும்ப மாட்டார், அதனால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன். செலவு தாங்க முடியாதவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: முடியவில்லை என்பது பாவம் ஆகாது. மருத்துவரிடம் நம் நிலைமையை மறைக்காமல் சொன்னால், அதற்குள் எது முடியுமோ அதை அவர் சொல்லுவார்.

இன்னொரு கடனும் நமக்கு இருக்கிறது. இன்று இந்தக் கோவிலில் உட்கார்ந்திருக்கிறவர்களில் எத்தனை பேர் காலையில் இன்சுலின் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள்? 1921இல் கனடாவின் டொராண்டோ நகரில் பேன்டிங்கும் பெஸ்ட்டும் அந்த மருந்தைக் கண்டறிந்தது நாய்களின் உடலில். பல நாய்கள் உயிரை விட்டன. 1922 சனவரியில், சாகக் கிடந்த 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அதன்பின் பல பத்தாண்டுகள், இன்சுலின் தேவைப்பட்ட சர்க்கரை நோயாளிகள் பெரும்பாலும் உயிர் பிழைத்தது மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலினால்தான். நம் பாட்டன் பாட்டிமார் எத்தனையோ பேரை வாழவைத்தது ஒரு விலங்கின் உடல். அந்த மருந்தில் ஒரு சொட்டு ஒரு பூனைக்குத் திரும்பிப் போகிறது என்றால், நான் அதில் குறை காண மாட்டேன்.

சரி, அந்த 130-க்கும் 400-க்கும் வருவோம். ஆசிரியை எந்தத் தப்பும் செய்யவில்லை. அதே அளவு இன்சுலின் ஒரு நாள் தோலடியிலிருந்து வேகமாக இரத்தத்தில் கலக்கும், மறுநாள் மெதுவாகக் கலக்கும். சாப்பாடு கொஞ்சம் முன்பின் ஆனாலும் எண் மாறும். பல்லில் சீழ், சிறுநீரில் கிருமி என்று வேறு நோய் உள்ளே இருந்தால் மருந்து பிடிக்காது. கருவியிலும் வித்தியாசம் வரும். ஒரே சொட்டு இரத்தத்தை இரண்டு ஸ்ட்ரிப்பில் வைத்தால் இரண்டு எண் காட்டலாம். மனிதருக்கான கருவி பூனையின் இரத்தத்தில் பெரும்பாலும் சற்றுக் குறைத்தே காட்டும். ஆகவே எந்தக் கருவியில் தொடங்கினோமோ அதிலேயே தொடர வேண்டும். இவை எல்லாவற்றையும்விடப் பெரிது, பயம். கூடையில் போட்டு, ஆட்டோவில் ஏற்றி, நாய் குரைக்கிற மருத்துவமனையில் உட்கார வைத்தால், நோயே இல்லாத பூனைக்கும் சர்க்கரை கிடுகிடுவென ஏறும். 300-ஐத் தொடுவதும் உண்டு. வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

இன்னொரு காரணம் இருக்கிறது, அதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. இன்சுலின் கூடிப்போய்ச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கினால், உடல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கல்லீரலில் சேர்த்துவைத்த சர்க்கரையை இரத்தத்தில் கொட்டும். அதற்குப் பிறகு சோதித்தால் எண் வானத்தில் நிற்கும். இது பூனைகளில் எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்பதில் மருத்துவர்களுக்குள்ளே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் நடக்கிற நாளில் என்ன ஆகும் என்று பாருங்கள். 400 என்ற எண்ணைப் பார்த்த அன்புள்ளம் பதறி மருந்தைக் கூட்டும். ஏற்கெனவே கூடிப்போன மருந்து மேலும் கூடும். களை என்று நினைத்துப் பிடுங்கியது கோதுமையின் வேராக இருக்கும்.

எனவே மருத்துவர் ஒற்றை எண்ணை நம்புவதில்லை. ஒரு நாள் முழுக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஊசி போட்டதிலிருந்து அடுத்த ஊசி வரை சோதித்து எழுதச் சொல்கிறார். சர்க்கரை எங்கே மிகக் கீழே இறங்குகிறது, எத்தனை மணிக்கு இறங்குகிறது என்பதைத்தான் முதலில் பார்க்கிறார். 80-க்கும் 150-க்கும் இடையில் அந்தக் கீழ்முனை நின்றால் மருந்து சரியாக வேலை செய்கிறது என்று பொருள். கூட்ட வேண்டும் என்றாலும் பொதுவாக ஒரு வாரமாவது அதே அளவில் விட்டுப் பார்த்து, அரை யூனிட் அளவில் கூட்டச் சொல்கிறார். தண்ணீர் குடிப்பது குறைந்ததா, எடை ஏறியதா, பழையபடி சன்னலில் தாவி ஏறுகிறதா என்பதையும் கேட்கிறார். எண் ஒரு சாட்சி மட்டுமே. பூனையே இன்னொரு சாட்சி.

அவர் வீட்டை மந்திரிக்கப் போன அன்று மாலை ஏழு மணிக்கு இந்தச் சோதனையை நேரில் பார்த்தேன். ஆசிரியை முதலில் முத்துவை மடியில் வைத்து, வெதுவெதுப்பான துணியைக் காதில் சுற்றிச் சிறிது நேரம் பிடித்திருந்தார். பிறகு விளக்கு வெளிச்சத்துக்கு எதிரே காதைத் திருப்பினார். காது ஓரத்தில் மெல்லிய இரத்தக்குழாய் ஒன்று சிவப்பாக ஓடியது. பின்னால் பஞ்சை வைத்துக்கொண்டு, அந்தக் குழாய்க்கும் ஓரத்துக்கும் நடுவே ஒரு சிறு குத்து. கடுகளவு இரத்தம் எட்டிப் பார்த்தது. ஸ்ட்ரிப் அதை உறிஞ்சிக்கொண்டது. காதைப் பஞ்சால் அழுத்திப் பிடித்தபடியே ஒரு துண்டு வேகவைத்த கோழியை வாயில் வைத்தார். பூனைக்கு வலித்ததாகவே தெரியவில்லை. நேரம், எண், சாப்பிட்டது, போட்ட அளவு என்று எழுதிவிட்டு, கடைசிக் கட்டத்தில் “மாடியில் விளையாடினான்” என்றும் எழுதினார்.

கடுகு விதையின் உவமையும் இன்றைய நற்செய்தியில்தான் இருக்கிறது. புளிப்புமாவின் உவமையும் இருக்கிறது. இரண்டிலும் சிறியதுதான் பெரிய மாற்றத்தைச் செய்கிறது. 100 வலிமை இன்சுலினில் ஒரு யூனிட் என்பது ஒரு மில்லிலிட்டரில் நூறில் ஒரு பங்கு. நான்கைந்து கிலோ எடையுள்ள ஓர் உடலை அது மாற்றுகிறது. சிறியது என்று அலட்சியம் கூடாது என்பதற்காகவே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நம் வீடுகளில் மனிதருக்குப் போடுகிறவர்களும் கேளுங்கள். நம் நாட்டில் 40 வலிமை, 100 வலிமை என இரண்டு வகை இன்சுலின் புட்டி விற்கிறது. சிவப்பு மூடிச் சிரிஞ்சு 40-க்கு, ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சு 100-க்கு. 100 வலிமை மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் ஒரு யூனிட் கோடு வரை எடுத்தால், உள்ளே போவது இரண்டரை யூனிட். ஒரு பூனைக்கு அது உயிருக்கே ஆபத்து.

இப்போது முதல் வாசகத்துக்கு வாருங்கள். கடவுளுக்கு எல்லா வல்லமையும் இருக்கிறது. அந்த வல்லமையை வைத்துக்கொண்டே அவர் பொறுமையாக, கனிவோடு ஆள்கிறார் என்கிறது சாலமோனின் ஞானம். நீதிமான்களும் அப்படிக் கனிவுள்ளவர்களாக இருக்க வேண்டும் என்று அதன்வழியே மக்களுக்குக் கற்றுக்கொடுத்தாராம். வல்லமை இல்லாதவன் பொறுத்திருப்பதில் வியப்பு இல்லை. ஊசியைக் கையில் வைத்திருக்கிறவர் பொறுத்திருப்பதுதான் கடினம். மருந்து இருக்கிறது, எண் மிரட்டுகிறது, கை பரபரக்கிறது. அந்த நேரத்தில் நேற்றுப் போட்ட அதே அளவை மட்டும் எடுத்து, அதே நேரத்துக்குப் போட்டுவிட்டு, மீதியை நாளைக்கு விடுவதற்கு எவ்வளவு விசுவாசம் வேண்டும்! பிள்ளை ஒரு பரீட்சையில் மதிப்பெண் குறைந்தால் அன்றிரவே வீட்டின் சட்டதிட்டங்களையெல்லாம் மாற்றுகிற பெற்றோரை எனக்குத் தெரியும். குடியை விட்ட கணவர் ஒரு நாள் தாமதமாக வந்தார் என்று எல்லாம் முடிந்ததாக அழுத மனைவியையும் தெரியும். ஒரு நாளின் எண்ணைக் கொண்டு ஓர் உயிரை அளந்துவிடாதீர்கள்.

அதே பொறுமை ஊசி போடும்போதும் வேண்டும். பூனை திமிறினால் மருந்து உள்ளே போனதா, ரோமத்தில் சிந்தியதா என்று தெரியாமல் போகும். விரலால் தொட்டால் ஈரம் தெரியலாம், மருந்து வாடை அடிக்கலாம். அப்படி ஒரு சந்தேகம் வந்தால் இன்னொரு ஊசி போடவே கூடாது. அந்த வேளையை விட்டுவிட வேண்டும். தவறிப்போன வேளைக்கும் அடுத்ததில் சேர்த்து இரட்டிப்பாகப் போடக் கூடாது. ஒரு வேளை சர்க்கரை கூடியிருப்பதால் பூனை சாகாது. இரண்டு மடங்கு இன்சுலினால் சாகலாம்.

ஆனால் அருமை இறைமக்களே, பொறுமை என்றவுடன் கைகட்டி உட்காருவது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உவமையில் களையை விதைத்த பகைவன் வந்தது ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது. சர்க்கரை கூடுவது நாள்கணக்கில் கெடுக்கும். குறைவது நிமிடக்கணக்கில் கொல்லும். எண் 60-க்குக் கீழே போனாலோ, பூனை தள்ளாடினாலோ, நடுங்கினாலோ, கூப்பிட்டால் திரும்பாமல் வெறித்துப் பார்த்தாலோ, அங்கே காத்திருக்கக் கூடாது. சாப்பிட முடிந்தால் உடனே சாப்பாடு. முடியாவிட்டால் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ விரலில் தொட்டு ஈறில் தடவ வேண்டும். நினைவு தப்பிய வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரை ஏறும். தடவிக்கொண்டே மருத்துவரிடம் ஓட வேண்டும். அதுபோல, சர்க்கரை கூடிய பூனை சாப்பிடாமல் வாந்தி எடுத்துச் சோர்ந்து கிடந்தால் அன்றே மருத்துவமனை. அது நாளைக்குத் தள்ளக் கூடாதது. சாப்பிடாத பூனைக்கு மருத்துவரைக் கேட்காமல் வழக்கமான ஊசியைப் போடவும் கூடாது. எதற்குப் பொறுப்பது, எதற்கு ஓடுவது என்று பிரித்து அறிகிற அருளைத் தூய ஆவியார் தருகிறார். ஆனால் அந்த அறிவு, நோட்டுப்புத்தகத்தில் நாள் தவறாமல் எழுதுகிறவருக்குத்தான் கைகூடுகிறது.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீட்டு அன்பு பெரும்பாலும் தட்டில்தான் இருக்கிறது. பாலும் சோறும் பிசைந்து வைப்பதுதான் நமக்குப் பூனைச் சாப்பாடு. பூனையோ இறைச்சி தின்னவே படைக்கப்பட்ட உயிர். சர்க்கரை வந்த பூனைக்குச் சோறும் பாலும் பிஸ்கட்டும் எண்ணை ஏற்றிவிடும். மீனும் கோழியும் நிறைந்த, மாவுச்சத்துக் குறைந்த உணவு அதைக் குறைக்கும். அதற்காக ஒரே நாளில் சோற்றை நிறுத்தினால், பழைய அளவு இன்சுலின் அப்போது கூடுதலாகிவிடும். உணவை மாற்றும்போது மருத்துவரிடம் சொல்லி மருந்தையும் மாற்ற வேண்டும். மெலிய வைப்பதற்காகப் பட்டினியும் போடக் கூடாது. பருத்த பூனை சில நாள் சாப்பிடாவிட்டாலே கல்லீரலில் கொழுப்பு அடைத்துவிடும். ஆசிரியைக்கு இதுதான் ஊசியைவிடக் கடினமாக இருந்ததாம். சாப்பாட்டு மேசையில் வந்து முட்டுகிற தலையை வெறுங்கையோடு தடவி அனுப்புவதற்கு மனம் வரவில்லை என்றார்.

பவுல் அடியார் இன்று நமக்கு எழுதுவது, எப்படி வேண்டுவது என்று தெரியாமல் நிற்கிறவர்களுக்கு. நம் வலுவின்மையில் தூய ஆவியார் துணை நிற்கிறார். சொல்லில் அடங்காத பெருமூச்சுகளால் நமக்காகப் பரிந்து பேசுகிறார். பெருமூச்சைப் பற்றி அதே அதிகாரத்தில் பவுல் சற்று முன்னதாகவும் எழுதுகிறார்: படைப்பு அனைத்தும் பேறுகால வேதனையில் இருப்பது போலத் தவித்துக்கொண்டிருக்கிறது என்று. எனக்கு வலிக்கிறது என்று முத்துவால் சொல்ல முடியாது. படுக்கையில் பேச்சிழந்து கிடக்கிற நம் பெரியவர்களாலும் சொல்ல முடியாது. அவர்கள் பக்கத்தில் இருக்கிறவர்கள் முகத்தையும் மூச்சையும் நடையையும் படித்துத்தான் அறிய வேண்டும். அப்படிப் படிக்கிற ஒவ்வொருவரும், ஜெபம் சொல்ல நேரமில்லையே சாமி என்று என்னிடம் வருந்தும்போது, தூய ஆவியார் ஏற்கெனவே உங்கள் வீட்டில் ஜெபித்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் சொல்கிறேன்.

சில பூனைகளுக்கு, சீக்கிரமே கண்டுபிடித்து நல்ல கவனிப்பும் சரியான உணவும் கிடைத்தால், ஊசியே தேவைப்படாத நிலை வருகிறது. அப்படி வந்தாலும் நோய் திரும்பக்கூடும். சிலவற்றுக்கு எவ்வளவு செய்தாலும் வருவதில்லை. முத்து எந்தப் பக்கம் போகும் என்று மருத்துவரால் இன்னும் சொல்ல முடியவில்லை. இந்த வாரமும் எண் 110 என்றும் 360 என்றும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறதாம். மருந்தின் அளவு மாறவில்லை. பின்னங்கால் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது என்று நேற்று சொன்னார்.

நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக இன்று நம்பிக்கையாளர் மன்றாட்டில் ஒரு வேண்டுதல் சேர்த்திருக்கிறோம்: இரவில் எழுந்து பார்க்கிறவர்கள், இரண்டு வேளையும் ஊசி போடுகிறவர்கள், வெளியூர்த் திருமணத்துக்கும் துக்கத்துக்கும்கூடப் போக முடியாமல் வீட்டோடு இருக்கிறவர்கள் எல்லாருக்காகவும். உங்களில் யாருக்காவது ஒரு நாள் மாற்று ஆள் தேவைப்பட்டால், திருப்பலி முடிந்ததும் வின்சென்ட் தே பவுல் சபையாரிடம் பெயர் கொடுங்கள். ஊசி போடத் தெரிந்த செவிலியர் சகோதரிகள் நம் பங்கிலேயே இருக்கிறார்கள். இப்போது எழுந்து நின்று நம்பிக்கை அறிக்கை சொல்வோம்.